குடிசையிலே கண்ட கிருமி

எலி செத்து விழுந்தது என்றால், ஊரையே காலி செய்துவிட்டு ஓடினார்கள் ஒரு காலத்தில். பிளேக்! 1896-இல் பம்பாயிலே புகுந்த அந்த நோய், அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் இந்தியத் துணைக்கண்டத்திலே ஒரு கோடிக்கும் அதிகமான உயிர்களைக் குடித்தது. கோவையிலே இன்றும் பிளேக் மாரியம்மன் கோவில் இருக்கிறது. நோயின் பெயரையே அம்மனுக்குச் சூட்டுகிற அளவுக்கு அச்சம் ஆட்டிப் படைத்திருக்கிறது நம் மக்களை! அந்த அச்சத்தின் வேரைத் தோண்டி வெளியே போட்டவர் ஒருவர் உண்டு. அவரை நாம் அறிந்திருக்க வேண்டாமா?

அலெக்சாந்தர் எர்சின், 1863-இல் சுவிட்சர்லாந்திலே பிறந்தவர். பிள்ளை பிறக்குமுன்பே தந்தை மறைந்துவிட்டார். பாரிசிலே, பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் ரூ என்ற அறிஞரோடு சேர்ந்து, தொண்டை அடைப்பான் கிருமி நஞ்சைக் கக்கித்தான் ஆளைக் கொல்லுகிறது என்று 1888-இல் மெய்ப்பித்தார். அங்கேயே அமர்ந்திருந்தால் பட்டமும் பதவியும் தேடி வந்திருக்கும். அவரோ 1890-இல் கப்பல் மருத்துவராகிக் கிழக்கே புறப்பட்டார். பிரெஞ்சுக்காரர் ஆண்டுகொண்டிருந்த வியட்நாமின் மலைக்காடுகளைச் சுற்றினார்.

1894-இல் ஹாங்காங்கிலே பிளேக் பரவிற்று. அக்குளிலும் அரையிலும் நெறி கட்டும், காய்ச்சல் கொளுத்தும், சில நாளிலே பிணம். ஜூன் 15-ஆம் நாள் எர்சின் அங்கே இறங்கினார். மூன்று நாள் முன்னதாகவே வந்திறங்கியிருந்தார், ஜப்பானியப் பேரறிஞர் கிட்டாசாட்டோ. காக் என்ற ஜெர்மானிய மேதையிடம் பயின்றவர். உலகமே அறிந்த பெயர். மருத்துவமனையின் கதவு அவருக்குத் திறந்தது. பிணங்களை அறுத்துப் பார்க்கும் உரிமையும் அவருக்கே! எர்சினுக்கு? இல்லை என்று விட்டார்கள்.

என்ன செய்தார் அந்த முப்பது வயதுக்காரர்? மூங்கிலும் வைக்கோலும் கொண்டு ஒரு குடிசை கட்டினார். அதுதான் வீடு, அதுதான் ஆய்வுக்கூடம். பிணங்களைப் புதைக்கும் பொறுப்பு ஆங்கில மாலுமிகளிடம் இருந்தது. அவர்கள் கையிலே கொஞ்சம் காசைத் திணித்து, சவப்பெட்டியின் மூடியைச் சற்றே திறக்கச் செய்து, சுண்ணாம்பை விலக்கி, நெறியை மட்டும் வெட்டியெடுத்துக்கொண்டு குடிசைக்கு ஓடினார். கைக்கூலி கொடுத்தாரே என்று முகம் சுளிப்போர் சுளிக்கட்டும்; நாம் சுளிக்கமாட்டோம். கதவை அடைத்தவர்கள் அல்லவா அதற்குப் பதில் சொல்லவேண்டியவர்கள்!

ஜூன் 20. நுண்ணோக்கியின் அடியிலே மொய்த்துக் கிடந்தது கிருமி. சிறியது, குட்டையானது, முனை மழுங்கியது. எலிகளுக்கு ஏற்றினார், செத்தன. தெருவிலே செத்துக் கிடந்த எலிகளை அறுத்தார். அங்கும் அதே கிருமி! எலியின் நோயும் மனிதனின் நோயும் ஒன்றே என்று தெளிந்தது.

இதிலே ஒரு வேடிக்கை கேளுங்கள். கிட்டாசாட்டோவிடம், மனித உடலின் சூட்டிலே கிருமியை வளர்க்கும் கருவி இருந்தது. குடிசைக்காரரிடம் இல்லை. ஆனால் பிளேக் கிருமியோ அதைவிடக் குறைந்த சூட்டிலேதான் செழித்து வளரும்! இல்லாமையே துணையாயிற்று. கிட்டாசாட்டோவும் ஒரு கிருமியைக் கண்டு முன்னதாகவே அறிவித்தார். அவருடைய வருணனையிலே வேறு கிருமியும் கலந்திருந்தது என்பது பின்னாளில் ஆராய்ந்தோர் கருத்து. அவர் பெரியவரே, மறுக்கவில்லை. ஆயினும் நெடுங்காலம் புகழ் இருவருக்கும் பங்கிடப்பட்டது.

கிருமி எலியிடமிருந்து மனிதனுக்கு எப்படித் தாவுகிறது? இதை விளக்கினார் சிமோன் என்ற மற்றொரு பாஸ்டர் மாணவர். 1898-இல், கராச்சியிலே, நோயுற்ற எலியையும் நலமான எலியையும் கம்பிவலையால் பிரித்து வைத்தார். உடல் உராயவில்லை, தெள்ளுப்பூச்சி மட்டும் தாவியது, நலமான எலி மாண்டது. தெள்ளுப்பூச்சியா கொல்லும் என்று நகைத்தார்கள்! இந்தியாவிலே நடந்த ஆராய்ச்சிகளே பிறகு அதை உறுதி செய்தன. தெள்ளின் தொண்டையைக் கிருமி அடைத்துக்கொள்கிறது, பசியால் அது மீண்டும் மீண்டும் கடிக்கிறது, கடித்த புண்ணிலே கிருமியைக் கக்குகிறது என்ற விவரம் 1914-இல் தெரிய வந்தது.

எர்சின் சும்மா இருந்தாரா? நோய் முறிக்கும் சீரம் செய்து, 1896-இல் சீனத்தின் அமாய் நகரிலே 23 பேருக்குக் கொடுத்தார். இருவர் நீங்கலாக எல்லோரும் பிழைத்தனர். மறு ஆண்டு பம்பாயிலே அந்த வெற்றி கிட்டவில்லை. பிறகு வியட்நாமின் நியா ட்ராங் கடற்கரையிலே தங்கிவிட்டார். மாட்டு நோய்க்குச் சீரம், ரப்பர் தோட்டம், கொய்னாவுக்காகச் சிங்கோனா மரம், அண்டை அயல் மீனவர்க்கு வைத்தியம் என்று நாட்கள் ஓடின. மணம் செய்துகொள்ளவில்லை. 1943, மார்ச் 1-இல் மறைந்தார்.

பிளேக் கிருமி இடம்பெறும் இனத்துக்கு எர்சினியா என்று பெயரிடலாம் என்ற யோசனை பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டில்! வெள்ளை ஆட்சியாளர் பெயர்களைத் தெருக்களிலிருந்து துடைத்தெறிந்த வியட்நாமியர், எர்சின் பெயரை அழிக்கவில்லை. ரப்பர் பயிரிட்ட சுவோய் தாவ் நிலத்திலேயே இருக்கிறது அவருடைய கல்லறை.