நெசவாளர் வீட்டுப் பிள்ளை

சி. என். அண்ணாதுரை என்ற பெயரில் உள்ள 'சி' எதைக் குறிக்கிறது தெரியுமா? ஒரு ஊரை! காஞ்சிபுரத்தை வெள்ளைக்காரர்கள் கான்ஜீவரம் என்று அழைத்தார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் 'சி' என்ற எழுத்தில் தொடங்கும். அடுத்து வரும் 'என்' தந்தையார் நடராசனைக் குறிக்கும். ஊரையும் தந்தையையும் பெயருக்கு முன்னால் சுமந்துகொண்டு நடந்த அந்த மனிதர்தான் பிற்காலத்தில் தமிழ்நாட்டின் முதல் அமைச்சர் ஆனார். நாடு அவரை 'அண்ணா' என்று அழைத்தது.

காஞ்சிபுரம் கோயிலுக்குப் பேர்போன ஊர். பட்டுக்கும் பேர்போன ஊர். அங்கிருந்து தெற்கே செய்யாறு, அதற்கு அப்பால் ஆரணி என்று போனால் வழியெல்லாம் நெசவாளர் தெருக்கள்தான். பொழுது விடியும் முன்பே தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறியதும் தறிக்குழியில் இறங்கி உட்காருவார்கள். பிறகு நாள் முழுவதும் தறிச் சத்தம்தான்.

காஞ்சிபுரம் பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறமாக இருக்கும். கரை வேறு நிறமாக இருக்கும். இரண்டையும் பிரியாமல் இணைத்து நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். இதை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. நெய்கிறவருக்கு உதவியாகக் கரைப் பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து நாடாவைத் தள்ள வேண்டும். அந்த வேலை அந்த நாளில் பெரும்பாலும் வீட்டுச் சிறுவர்களுக்குத்தான்! தறிக்கு ஆள் வேண்டியிருந்தது. அதனால் பள்ளிக்கூடத்துக்கு ஆள் போகவில்லை. எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு அப்படித்தான் நின்றுபோனது.

அப்படிப்பட்ட ஊரில், ஒரு செங்குந்தர் நெசவுக் குடும்பத்தில், 1909-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி அண்ணாதுரை பிறந்தார். தாயார் பெயர் பங்காரு அம்மாள். ஆனால் அவரை வளர்த்து ஆளாக்கியவர் சிற்றன்னை ராசாமணி அம்மாள். அவரை அண்ணாதுரை 'தொத்தா' என்று அழைப்பார். அந்தப் பக்கத்து வீடுகளில் சின்னம்மாவைக் கூப்பிடும் முறை அது. தொத்தாவுக்குப் பிள்ளை மேல் கொள்ளை ஆசை. அவனைப் படிக்க வைத்தே தீர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்.

நகராட்சி குமாஸ்தா

காஞ்சிபுரம் பச்சையப்பன் பள்ளியில் சேர்த்தார்கள். படிப்பு நன்றாகத்தான் போயிற்று. ஆனால் வீட்டில் பணம் இல்லை. படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஊர் நகராட்சி அலுவலகத்தில் குமாஸ்தா வேலைக்குப் போனார்.

அந்தக் காலத்தில் குமாஸ்தா வேலை என்றால் சாதாரணமா? மாதம் பிறந்தால் சம்பளம். நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை. தறிக்குழியில் கால் மரத்துப் போக வேண்டியதில்லை; முதலாளியிடம் கூலிக்குக் காத்து நிற்க வேண்டியதில்லை. நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவனுக்கு அது கிடைத்தால் ஊரே பாராட்டும். அண்ணாதுரை அந்த நாற்காலியிலேயே இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டுக் கஷ்டமும் கொஞ்சம் தீர்ந்திருக்கும்.

அவர் இருக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு மறுபடியும் புத்தகத்தை எடுத்தார். கையில் வந்த சம்பளத்தை விட்டுவிட்டுப் படிக்கப் போவது ஏழை வீட்டில் சின்ன விஷயம் அல்ல. அதற்கு வீட்டார் சம்மதித்தார்களே, அவர்களையும் பாராட்டத்தான் வேண்டும்.

1928-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே 1930-ல் திருமணம் நடந்தது. மணமகள் பெயர் ராணி. பொருளாதாரமும் அரசியலும் படித்து 1934-ல் பட்டம் பெற்றார். பிறகு எம்.ஏ. பட்டமும் வந்தது. தறிக்கார வீட்டில் எம்.ஏ.! அந்த நாளில் இது தெருவுக்கே பெருமை.

கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியராக இருந்தார். மனம் அதில் நிற்கவில்லை. பெரியார் ஈ.வெ.ரா.வைச் சந்தித்த பிறகு அவருடைய பாதை மாறியது. ஈரோட்டுக்குப் போய்ப் பெரியாரின் பத்திரிகைகளில் வேலை பார்த்தார். 1936-ல் சென்னை நகராட்சி மன்றத் தேர்தலில் நின்று தோற்றார். 1938-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைக்குப் போனார்.

மறுபடியும் காஞ்சிபுரம்

எங்கெங்கோ சுற்றினாலும் அவர் குடியிருக்கத் தேர்ந்தெடுத்தது பிறந்த ஊரைத்தான். 1942-ல் காஞ்சிபுரத்திலிருந்து 'திராவிட நாடு' என்ற வார இதழைத் தொடங்கினார். பத்திரிகை நடத்துவதற்குச் சென்னை அல்லவா வசதி? ஆனாலும் அவர் தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்துதான் எழுதினார். கட்டுரை, கதை, நாடகம் எல்லாமே அந்தப் பேனாவிலிருந்து வந்தன. இரவில்தான் அதிகமாக எழுதுவார், படிப்பார். மூக்குப்பொடி பக்கத்தில் இருக்கும்.

எழுதியதோடு நிற்காமல் மேடை ஏறி நடிக்கவும் செய்தார். 1940-களின் நடுவில் அவர் எழுதிய 'சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்' நாடகத்தில் காகபட்டர் வேடம் அவருடையது. சிவாஜியாக நடித்தவர் வி. சி. கணேசன் என்ற இளைஞர். அந்த நடிப்பைப் பார்த்த பெரியார் அவருக்குச் சூட்டிய பெயர்தான் சிவாஜி கணேசன்! 1949-ல் அண்ணாவின் 'வேலைக்காரி'யும் 'நல்லதம்பி'யும் திரைப்படங்களாக வந்தன.

குழந்தை இல்லாத குறை அவருக்கும் ராணி அம்மையாருக்கும் இருந்தது. அக்காள் வழிப் பேரப்பிள்ளைகளையே சொந்தப் பிள்ளைகளாக எடுத்து வளர்த்தார்கள்.

ஒரு வேடிக்கை. பட்டுக்குப் பேர்போன ஊரில் பிறந்தவர் அல்லவா? ஆனால் அவர் உடுத்தியது கசங்கிய வேட்டியும் சட்டையும்தான். தலை வாருவதிலும் சவரம் செய்வதிலும் அக்கறை கிடையாது. குள்ளமான உருவம், கரகரத்த குரல். முதல் முறை பார்க்கிறவர்கள் இவரா அவர் என்று சந்தேகப்படுவார்கள். பேசத் தொடங்கினால் சந்தேகம் பறந்துவிடும்!

தோளில் துணி மூட்டை

1949 செப்டம்பர் 17-ந் தேதி திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. அதன் பொதுச் செயலாளர் அண்ணா.

1953-ல் கைத்தறி நெசவாளர்களுக்குப் பெரும் கஷ்டம் வந்தது. நெய்த துணி விற்கவில்லை. தறி நின்றது. தறி நின்றால் அடுப்பும் நின்றுவிடும். நெசவாளர் வீட்டில் இரண்டுக்கும் இடைவெளி அதிகம் கிடையாது. அப்போது அண்ணாவும் அவருடைய தோழர்களும் கைத்தறித் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போய் விற்றார்கள். அண்ணா விற்றது திருச்சி நகரத் தெருக்களில். எம்.ஏ. படித்தவர் வீட்டு வாசலில் நின்று துணி விற்பதா என்று அவர் கூச்சப்படவில்லை. துணியின் அருமை அவருக்குத் தெரியாதா?

1957-ல் காஞ்சிபுரம் தொகுதியில் நின்று சட்டமன்றத்துக்குப் போனார். கழகத்துக்கு 15 இடங்கள் கிடைத்தன. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1962 தேர்தலில், கழகம் 50 இடங்களைப் பிடித்தது. ஊரெல்லாம் வெற்றி முழக்கம். ஆனால் காஞ்சிபுரத்தில் தலைவர் தோற்றுவிட்டார்! காங்கிரஸ் வேட்பாளர் நடேச முதலியார் வென்றார்.

வேறு ஊரில் தோற்றிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. பிறந்த ஊர், படித்த ஊர், பத்திரிகை நடத்திய ஊர். ஒவ்வொரு தெருவிலும் பழகிய முகம். அந்த முகங்களில் பாதிக்கு மேல் வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஆனாலும் அவர் ஊரைப் பழித்து வீட்டைக் காலி செய்யவில்லை. அதே ஆண்டில் டெல்லி மேல்சபை உறுப்பினரானார். அங்கேயும் பேச்சால் பெயர் வாங்கினார்.

1967-ல் கழகம் ஆட்சியைப் பிடித்தது. மார்ச் 6-ந் தேதி அண்ணா முதல் அமைச்சர் ஆனார். தேர்தலின்போது ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சொல்லியிருந்தார்கள். நிலைமை இடம் கொடுக்கவில்லை. சென்னையிலும் கோவையிலும் மட்டும் ரூபாய்க்கு ஒரு படி போட முடிந்தது. சொன்னதற்கும் செய்ததற்கும் இருந்த இந்த வித்தியாசத்தை எதிர்க்கட்சிக்காரர்கள் விடாமல் சுட்டிக்காட்டினார்கள். அது நியாயம்தான்.

1968-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவரை விருந்தினராக அழைத்தது. அதே ஆண்டில் நோயும் வந்தது. உணவுக் குழாயில் புற்றுநோய். நியூயார்க் நகரில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பினார். 1969 ஜனவரி 14-ந் தேதி சென்னை ராஜ்யத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறியது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இருந்தார். இருபதே நாட்களில், பிப்ரவரி 3-ந் தேதி, கண் மூடினார். வயது 59. முதல் அமைச்சராக இருந்தது இரண்டு ஆண்டுகூட இல்லை. சென்னைக் கடற்கரையில் அடக்கம் செய்தார்கள். கூட்டம் கடல்போல் இருந்தது.

ராணி அம்மையார் 1996 வரை வாழ்ந்தார். காஞ்சிபுரத்தில் அண்ணா வாழ்ந்த வீடு இப்போது நினைவு இல்லம். ஊருக்கு வெளியே காரப்பேட்டையில் அவர் பெயரால் ஒரு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. செய்யாற்றில் உள்ள அரசு கலைக் கல்லூரிக்கும் அவர் பெயர்தான்.