ஜேம்ஸ் லின்ட் (1716 – 1794)

மாணவர்களே, விற்றமின் சீ குறைபாட்டினால் ஸ்கேவி நோய் ஏற்படும் என விஞ்ஞான பாடத்திற் கற்றிருப்பீர்கள். முரசு வீங்கிக் குருதி கசிவதும் உடல் சோர்வதும் இந்நோயின் அறிகுறிகளாகும். விற்றமின்கள் பற்றி எவரும் அறியாத காலத்தில், இதற்குரிய பரிகாரத்தைப் பரிசோதனை மூலம் காட்டியவர் ஜேம்ஸ் லின்ட் ஆவார்.

இவர் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரிற் பிறந்தார். 1739 இல் பிரித்தானியக் கடற்படையிற் சேர்ந்தார். 1740 இல் அன்சன் என்பவரின் தலைமையில் ஏறத்தாழ 1900 பேர் கடற்பயணம் புறப்பட்டனர். அவர்களுள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலானோரைக் கொன்றது போரன்று. ஸ்கேவி முதலிய நோய்களே. மருந்துகள் பல கூறப்பட்டன. எது பயன் தரும் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தவர் இல்லை.

1747 மே மாதத்தில் சொல்ஸ்பரி என்னும் கப்பலில் லின்ட் 12 நோயாளரைத் தெரிந்தெடுத்தார். அனைவருக்கும் ஒரே இடமும் ஒரே உணவும் வழங்கினார். பின்னர் இருவர் இருவராக ஆறு சோடிகளாக்கி, சோடிக்கு ஒரு பரிகாரம் அளித்தார். அவையாவன:

1. அப்பிள் மது
2. ஐதான சல்பூரிக்கமிலம் கலந்த மருந்து
3. வினாகிரி
4. கடல்நீர்
5. தோடம்பழமும் எலுமிச்சம்பழமும்
6. உள்ளி, கடுகு முதலியன சேர்ந்த இலேகியம்

பழம் உண்டவர்களுள் ஒருவர் ஆறு நாட்களிற் கடமைக்குத் திரும்பினார். மற்றவர் ஏனைய நோயாளரைப் பராமரிக்குமளவுக்குத் தேறினார். அப்பிள் மது அருந்தியோர் சிறிதளவு தேறினர்.

இப்பரிசோதனையை எவ்வளவு நம்பலாம்? உணவும் இடமும் மாறாதிருந்தமை இதன் சிறப்பாகும். எனினும் இரண்டு குறைகள் உள்ளன. ஒரு குழுவில் இருவர் மட்டுமே இருந்தனர். அத்துடன், நோய் முற்றிய இருவருக்கே லின்ட் கடல்நீரைக் கொடுத்தார். அவர்கள் தேறாமைக்குக் காரணம் கடல்நீரா, நோயின் கடுமையா? இதனைப் பிரித்தறிய முடியாது.

லின்ட் தமது முடிவை 1753 இல் நூலாக வெளியிட்டார். ஆயினும் பழச்சாற்றைச் சூடாக்கி வற்றவைத்துச் சேமிக்குமாறும் ஆலோசனை கூறினார். வெப்பத்தால் விற்றமின் சீ பெருமளவு அழிவதால் அச்சாறு போதிய பலன் தரவில்லை. 1794 இல் அவர் காலமானார். 1795 இலேயே கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சஞ்சாறு வழங்க ஒழுங்கு செய்தது.

லின்ட் விட்ட குறையை நிரப்பியது எழுமாற்றுப் பங்கீடாகும். 1948 இல் வெளியான பிரித்தானியக் காசநோய் ஆய்வில், யாருக்கு ஸ்ரெப்ரோமைசின் வழங்குவதென்பதை ஒஸ்ரின் பிரட்போர்ட் ஹில் எழுமாற்று எண்களைக் கொண்டு தீர்மானித்தார். அவ்விபரம் மூடிய கடித உறைகளில் இருந்தமையால், மருத்துவர் தம் விருப்பப்படி நோயாளரைப் பிரிக்க இயலவில்லை. ஆறு மாதங்களில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்தனர். இன்று புதிய கற்பித்தல் முறைகளும் இவ்வாறே பரீட்சிக்கப்படுகின்றன.

நினைவிற் கொள்க: ஒப்பீடு நம்பத்தக்கதாக இருக்கவேண்டுமாயின் குழுக்கள் தொடக்கத்திலேயே ஒத்திருத்தல் வேண்டும், எண்ணிக்கையும் போதியதாக இருத்தல் வேண்டும்.

சிந்தித்து விடை தருக: கெட்டிக்கார மாணவரை மட்டும் தெரிந்து புதிய முறையிற் கற்பித்தால், அவர்கள் பெறும் கூடிய புள்ளிகள் அம்முறையின் சிறப்பைக் காட்டுமா? காரணம் தருக.