பெனோவின் பொம்மை விமானம்

பாலக்காட்டுக் கணவாயிலும் இராமக்கல்மேட்டிலும் வீசும் காற்றில் பட்டம் விடும் சிறுவர்க்கு வாலின் அருமை தெரியும். வாலறுந்த பட்டம் சுழன்று சுழன்று விழும். வானூர்திக்கும் வால் இன்றியமையாதது. ஆனால் அது தொழிற்படும் முறை வேறு. அம்முறையை ஒரு பொம்மையைக் கொண்டே மெய்ப்பித்தவர் அல்போன்ஸ் பெனோ.

பெனோ 1850ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். தந்தையார் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி. தந்தையின் வழியில் செல்ல மகனும் விரும்பினார். இளமையிலேயே வந்த இடுப்பு மூட்டு நோயால் நடப்பதே அரிதாயிற்று. கடலுக்குச் செல்ல இயலாத அவருடைய உள்ளம் வானத்தை நாடியது.

இங்கிலாந்தின் ஜார்ஜ் கெய்லி 1804ஆம் ஆண்டிலேயே காற்றில் சறுக்கும் மாதிரி ஒன்றிற்கு வால் பொருத்தியிருந்தார். தன் விசையால் தானே பறக்கும் மாதிரியை நிலைகுலையாமல் பறக்கச் செய்வதே எஞ்சியிருந்த சிக்கல். பெனோ மெல்லிய கோலொன்றை உடலாகக் கொண்டார். முறுக்கிய இரப்பர் இழையால் சுழல்விசிறியை இயக்கினார். சிறகின் நுனிகளை மேல்நோக்கி வளைத்தார். கிடைமட்ட வாலைச் சிறகோடு ஒப்பிடச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்தார். அந்தச் சிறு சாய்விலேதான் எல்லாம் இருந்தது. மூக்குத் தாழ்ந்தால் வேகம் மிகும்; வாலைக் காற்று கீழே அழுத்தும் விசையும் மிகும்; மூக்குத் தானே நிமிரும். மிக நிமிர்ந்தால் வேகம் குறையும், அழுத்தமும் குறையும், மூக்குத் தாழும். ஓட்டுநர் இல்லாமலே விமானம் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

1871 ஆகஸ்டு 18 அன்று பாரிசின் துய்லெரிப் பூங்காவில், அறிஞர்கள் பார்த்திருக்க, ஏறத்தாழ 16 கிராம் எடையுள்ள அப்பொம்மை 11 நொடிகளில் சுமார் 40 மீட்டர் பறந்தது. அன்று பெனோவுக்கு வயது 21.

மாதிரி விமானம் செய்வோர் இன்று வாலைப் பால்சா மரத்தில் செய்கின்றனர். தென்னமெரிக்காவில் வளரும் பால்சா, நம் இலவமரத்தின் உறவு; மிக இலேசானது. வால், எடைமையத்திலிருந்து தொலைவில் இருப்பதால் அங்கே ஒரு கிராம் கூடினாலும் அதை ஈடுசெய்ய மூக்கில் பல கிராம் சேர்க்க நேரும். எனவே மெல்லிய தகடாக அறுத்து, மர இழைகள் வாலின் நீளவாக்கில் ஓடுமாறு வெட்டி, ஓரங்களை உப்புத்தாளால் தேய்ப்பர். செங்குத்துப் பலகையைக் கிடைமட்டப் பலகைமேல் செங்கோணத்தில் ஒட்டுவர். பசை காயும்வரை அசைக்கலாகாது; கோணிய வால் விமானத்தை ஒரு பக்கமாகவே இழுக்கும்.

பெனோ பொம்மையோடு நிற்கவில்லை. 1876ஆம் ஆண்டு இருவர் அமரக்கூடிய வானூர்தி ஒன்றை வரைந்து, கோஷோ என்பவருடன் காப்புரிமை பெற்றார். உள்மடங்கும் சக்கரங்களும், வாலை இயக்கும் ஒற்றைக் கைப்பிடியும் அதில் இருந்தன. அதைத் தூக்கவல்ல இலேசான பொறி அன்று இல்லை, பொருளுதவியும் கிட்டவில்லை. 1880 அக்டோபரில், முப்பதாம் வயதில், மனமுடைந்த நிலையிலேயே மறைந்தார்.

அவர் வகுத்த மற்றொரு பொம்மை, மேலெழும் சுழல்விசிறி. 1878ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு தந்தை அவ்வகைப் பொம்மையொன்றைத் தம் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தார். அப்பிள்ளைகள் வில்பர் ரைட், ஆர்வில் ரைட். பொம்மை உடைந்தபின் அவர்களே புதியன செய்து பறக்கவிட்டனர். 1903இல் பறந்த அவர்களது வானூர்தியில், விந்தையாக, ஏற்ற இறக்கத்திற்கான கிடைமட்டப் பலகை முன்னே இருந்தது. 1910ஆம் ஆண்டு வானூர்தியில் அதைப் பெனோ வைத்தவாறே பின்னுக்குக் கொண்டுவந்தனர்.