பட்டினியில் செத்தாலும் விதையைத் தொடாத விஞ்ஞானிகள்... யார் இந்த வாவிலோவ்?

1941-42 குளிர்காலம். சோவியத் நாட்டின் லெனின்கிராட் நகரை, அதாவது இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பெர்க்கை, ஹிட்லரின் படை சுற்றி வளைத்துவிட்டது. பலருக்கு ஒருநாள் ரேஷனே 125 கிராம் ரொட்டிதான். அதிலும் கலப்படம்.

அதே நகரில் ஒரு பயிர் ஆய்வு நிறுவனம். உள்ளே நெல், கோதுமை, பயறு என டன் கணக்கில் விதைகள். ஆனால் அங்கே வேலை பார்த்தவர்கள் அதைச் சாப்பிடவில்லை. நிலக்கடலை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஷுகின் தன் மேசையிலேயே உயிரை விட்டார். நெல் ஆய்வாளர் திமித்ரி இவானோவ் இறந்தபோது அவரைச் சுற்றி ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்கள் இருந்தன.

அந்த விதைகளைச் சேர்த்துவைத்தவர்தான் நிகோலாய் வாவிலோவ். அப்போது அவர் அங்கே இல்லை. சிறையில் இருந்தார்.

ஊர் ஊராக விதை வேட்டை

1887-ல் மாஸ்கோவில், வணிகர் குடும்பத்தில் பிறந்தவர் வாவிலோவ். அவருக்கு 4 வயது இருக்கும்போதே ரஷ்யாவைக் கொடும் பஞ்சம் உலுக்கியது. வேளாண்மை படித்தார். பிறகு விதை தேடிக் கிளம்பிவிட்டார். 1916-ல் ஈரான், பாமீர் மலைப்பகுதி. 1924-ல் ஆப்கானிஸ்தான். 1927-ல் எத்தியோப்பியா. 1930-களில் தென் அமெரிக்கா. 1940-க்குள் அவரும் குழுவினரும் சேர்த்தவை 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள்.

ஒரு பயிரில் எங்கே அதிக ரகங்கள் இருக்கிறதோ, அதுதான் அதன் தாய்வீடு என்பது அவர் கணிப்பு. எல்லாப் பயிருக்கும் இது அப்படியே பொருந்தாது என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் பயிர்களின் காட்டு உறவினர்களை எங்கே தேடணும் என்பதற்கு அதுதான் முதல் வரைபடம்.

காட்டுச் செடி எதுக்கு?

நியாயமான கேள்விதான். காட்டுப் பயறு பொடிப்பொடியா இருக்கும், காய் முற்றினால் வெடித்துச் சிதறிடும். வெடிக்காத காய், பெரிய விதை என்று பார்த்துப் பார்த்து விதைத்துதான் மனிதன் இன்றைய பயறு வகைகளை உருவாக்கினான். அந்தத் தேர்வில் நோயைத் தாங்கும் பல குணங்கள் வழியில் தொலைந்துபோச்சு. காட்டுச் செடிக்கு மருந்தடிக்க ஆள் கிடையாது. நோயைத் தாங்கினால்தான் பிழைக்கும். அதனால் அந்தக் குணம் அதனிடம் இன்னும் இருக்கு.

ஷுகின் ஆராய்ந்த நிலக்கடலையையே எடுத்துக்குவோம். நாம் பயிரிடும் கடலைச் செடிக்கு 40 குரோமோசோம். காட்டு உறவினர்களில் பெரும்பாலானவற்றுக்கு 20. நேரடியாக ஒட்டுக் கட்டினால் பிறக்கும் செடி பெரும்பாலும் மலடாகிவிடும். குரோமோசோமை இரட்டிப்பாக்கி, மறுபடி மறுபடி நாட்டுக் கடலையோடு சேர்த்து, பல வருஷம் மெனக்கெடணும். அப்படித்தான் தென் அமெரிக்கக் காட்டுக் கடலை ஒன்றிலிருந்து துரு நோய், இலைப்புள்ளி நோய் ரெண்டையும் எதிர்க்கும் திறன் பயிருக்கு வந்தது. ஹைதராபாத் அருகே படான்செருவில் உள்ள இக்ரிசாட், துவரையின் காட்டு உறவினரை வைத்து வீரிய ஒட்டு ரகமே உருவாக்கியது.

ஸ்டாலினுக்குப் பொறுமை இல்லை

இதுக்கெல்லாம் வருஷக்கணக்கில் நேரம் வேணும். பஞ்சத்தில் தவித்த நாட்டில் ஸ்டாலினுக்கு உடனடி விளைச்சல் தேவைப்பட்டது. மரபியலையே பொய் என்ற லைசென்கோ, சூழலை மாற்றினாலே பயிரை மாற்றிவிடலாம் என்றார். அரசு அவர் பக்கம் சாய்ந்தது. வாவிலோவ் பின்வாங்கவில்லை.

1940 ஆகஸ்ட் 6. மேற்கு உக்ரைனில் செடி சேகரிக்கப் போன இடத்திலேயே கைது. உளவு பார்த்தார், விவசாயத்தை நாசம் செய்தார் என்று குற்றச்சாட்டு. 1941-ல் மரண தண்டனை, பிறகு அது 20 வருட சிறையாகக் குறைக்கப்பட்டது. 1943 ஜனவரி 26-ல் சராத்தோவ் சிறையில், உணவின்றி உடல் நலிந்து இறந்தார். வயது 55. ஒருகாலத்தில் அதே ஊரில்தான் அவர் பேராசிரியராக இருந்தார்.

முற்றுகை முடிந்தது 1944 ஜனவரியில். விதைகளில் பெரும்பகுதி பத்திரமாக இருந்தது. 1955-ல் வாவிலோவ் மீதான தீர்ப்பை அரசு ரத்து செய்தது. லெனின்கிராடில் ஊழியர்கள் காத்த அந்த நிறுவனம் இன்று அவர் பெயரில்தான் இயங்குகிறது.