மூன்று இதழ்களே வாழ்ந்த சஞ்சிகை

இன்றைய சஞ்சிகைகளைப் புரட்டும்போது, எழுத்தும் படமும் நெருக்கியடித்து நில்லாமல் நடுவே அகன்ற வெண்பரப்பு விடப்பட்டிருப்பதையும், நிழற்படங்கள் கட்டத்துக்குள் அடங்காது தாளின் விளிம்புவரை நீண்டு செல்வதையும் காண்கிறோம். எங்கும் பரவிவிட்ட இவ்வழக்கத்தை அமெரிக்கச் சஞ்சிகை உலகில் நிலைநாட்டியோருள் முதன்மையானவர் அலெக்சி புரொடோவிச். நாடிழந்து, குடும்பச் செல்வமும் இழந்து பாரிஸ் வந்து சேர்ந்த ருஷ்ய அகதி அவர்.

இன்று பெலருஸ் நாட்டின் பகுதியாகவுள்ள ஓகோலிச்சி என்னும் ஊரில் 1898 ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை மருத்துவர், தாய் ஓவியம் தீட்டுவதில் ஈடுபாடுடையவர். ஓவியக் கல்விக்கழகம் புகவேண்டிய இளைஞர், முதல் உலகப்போர் மூண்டதும் படையில் சேர்ந்தார். புரட்சியின்பின் வெண்படையினர் பக்கம் நின்று போரிட்டுக் காயமுற்றார். அப்படை தோற்றது. கொன்ஸ்தாந்திநோபிள் வழியாக 1920 இல் பாரிசை அடைந்தார்.

அதிகாரியாயிருந்தவர் அங்கே வீடுகளுக்கு வர்ணம் பூசினார். அவருடைய மனைவி நீனா தையல் வேலை செய்தார். பிறந்த மண்ணில் வகித்த நிலை வேறு, வந்த மண்ணில் வயிற்றுக்காகச் செய்யும் தொழில் வேறு என்பதை நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் புரொடோவிச் அத்தொழிலோடு நின்றுவிடவில்லை. தம்மைப்போல் நாடுவிட்டு வந்திருந்த டியாகிலெவின் ருஷ்ய பலே நடனக் குழுவுக்கு அரங்கத் திரைகள் தீட்டினார். 1924 இல் ருஷ்யக் கலைஞர் சங்கத்தின் நடன விழாவுக்காக நடந்த சுவரொட்டிப் போட்டியில் அவருக்கே முதற்பரிசு. பிக்காசோவின் சித்திரம் இரண்டாம் இடம் பெற்றது. மறு ஆண்டு, பாரிசில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியில் துணி, நகை முதலிய துறைகளில் ஐந்து பதக்கங்கள் அவரை வந்தடைந்தன. கலைச் சஞ்சிகைகளுக்குப் பக்கங்கள் அமைக்கும் வேலையும் கைவந்தது.

1930 இல் அமெரிக்கா சென்று பிலடெல்பியாவில் ஆசிரியரானார். 1934 இல் ஹார்ப்பர்ஸ் பஸார் என்னும் நவநாகரிகச் சஞ்சிகையின் ஆசிரியை கார்மல் சினோ, நியூயோர்க்கில் ஒரு கண்காட்சியில் அவருடைய ஆக்கங்களைக் கண்டு, அவரைக் கலை இயக்குநராக அழைத்துக்கொண்டார். அப்பதவியில் 24 ஆண்டுகள் நீடித்தார். ஒரே நிழற்படத்தைப் பல அளவுகளில் பிரதியெடுத்து வெட்டி, ஒட்டி, எல்லாப் பக்கங்களையும் தரையில் வரிசையாகப் பரப்பி, ஒரு பக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலான ஓட்டத்தைத் திரைப்படம்போல் சீர்செய்வார். ஆடை விற்பனைக்கான சஞ்சிகையில் கார்த்தியே-பிரெசோன், பிரசாய், மான் ரே ஆகியோரின் படங்களுக்கு இடந்தேடிக் கொடுத்தார்.

எனினும் அது பிறருடைய சஞ்சிகை. விளம்பரதாரரின் பணத்தில் இயங்கிய அதன் பல பக்கங்கள் அவருடைய கைக்கு அப்பாற்பட்டவை. தமக்கென ஒன்று வேண்டும் என்ற விருப்பம், அவருக்கு ஐம்பது வயது கடந்தபின்னரே கைகூடியது. பிராங் சக்கரி ஆசிரியராகவும், ஜோர்ஜ் ரோசந்தால் வெளியீட்டாளராகவும் அமைய, 1950 இல் போர்ட்போலியோ என்னும் சஞ்சிகை வெளிவந்தது. சேர்ந்த விளம்பரங்கள் பக்கங்களின் அழகைக் கெடுக்கும் எனக் கண்டு, அவற்றையெல்லாம் விலக்கிவிட்டனர். பழைய இத்தாலிய அச்சுக்கலைஞர் பொடோனியின் எழுத்துகள், மாடுகளுக்கு இடும் குறிகள், கால்டரின் சிற்பங்கள், ருமேனியாவில் பிறந்து அகதியாகி வந்த ஸ்டைன்பர்க்கின் கோட்டோவியங்கள் என உயர்ந்ததும் எளியதும் அதில் சமமாக அமர்ந்தன. பொலொக் என்னும் ஓவியர் தரையில் துணி விரித்து வர்ணம் சிந்தித் தீட்டும் காட்சியை, ஜேர்மனியிலிருந்து வந்த நாமுத் எடுத்த படங்கள் வாயிலாக அது வாசகருக்குக் காட்டியது. செலவு மலைபோல் ஏறியது, வரவு இல்லை. 1951 இல் மூன்றாம் இதழோடு சஞ்சிகை நின்றது.

பின்வந்த ஆண்டுகள் துயரமானவை. 1956 இல் பென்சில்வேனியாவில் அவருடைய வீடு தீக்கிரையாகி, அரிய நிழற்படச் சுருள்கள் அழிந்தன. 1958 இல் பதவி போயிற்று. மறு ஆண்டு நீனா காலமானார். மது அவரைப் பற்றிக்கொண்டது; மனநோய் மருத்துவமனையிலும் இருக்க நேர்ந்தது. அங்கும் சிறுகமரா ஒன்றை மறைத்துவைத்துப் படமெடுத்தார். 1966 இல் பிரான்சுக்குத் திரும்பி, அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள லு தோர் என்னும் சிற்றூரில் 1971 ஏப்ரலில் மறைந்தார். பிறந்த மண்ணை மீண்டும் மிதிக்கும் பேறு கிட்டவில்லை.

எஞ்சியது என்ன? ஒன்று, மாணவர். முன்பு கண்ட படத்தையே மீண்டும் எடுக்க வேண்டாம், என்னை வியப்பிலாழ்த்துங்கள் என அவர் இடைவிடாது வற்புறுத்திய வகுப்புகளிலிருந்து இர்விங் பென், ரிச்சர்ட் அவெடொன் முதலியோர் தோன்றினர். மற்றது, அந்த மூன்று இதழ்கள். அவர் பெயருக்குச் சான்றாக வடிவமைப்பு மாணவர் முதலில் தேடிச் செல்வன, 24 ஆண்டுகளின் பெருங்குவியலோடு இவற்றையுந்தான். சேகரிப்போர் இவற்றைப் பொன்போல் காக்கின்றனர்.

நாடிழந்தோர் தொடங்கும் சிறு ஏடுகள் நின்றுபோகும்போது, இதற்கா இத்தனை பாடு என்று கேட்போர் உளர். ஏடு எத்தனை காலம் வந்தது என்பது ஒரு கணக்கு. வந்த இதழ் ஒவ்வொன்றும் சமரசமின்றிச் செய்யப்பட்டதா என்பது இன்னொரு கணக்கு. புரொடோவிச்சின் வாழ்வை இரண்டாவது கணக்கினால் அளப்பதே நீதி.