புற்றுநோயின் சுவிட்சைக் கண்ட ஹக்கின்ஸ்

மலர் என்றாலே எடிசனும் சி.வி. ராமனும்தான் வருவாங்க. நான் ஒரு டாக்டரைப் பற்றி எழுதுறேன். காரணம் இருக்கு. எங்க பெரியப்பா சிறுநீர்த் தொல்லையை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லல. முதுகுவலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, புராஸ்டேட் சுரப்பியின் புற்றுநோய் எலும்பு வரை போயிருந்தது. ஹார்மோனைக் குறைக்கும் ஊசி போட்டார்கள், வலி அடங்கியது. ஹார்மோனுக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்? நூலகத்தில் தேடியபோது கிடைத்தவர்தான் சார்லஸ் ஹக்கின்ஸ்.

1901-ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் பிறந்தார். தந்தை மருந்துக்கடைக்காரர். ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கி, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அறுவை சிகிச்சை பழகி, 1927-ல் சிகாகோ போனார். அங்கே கொடுத்த சிறுநீரியல் துறையோ அவருக்குப் புதுசு. புத்தகத்தை வைத்துத் தானே படித்துக்கொண்டார். (நாம அரியர் பேப்பர் படிக்கிற மாதிரி இல்லீங்க, நிஜமாகவே படித்தார்!)

புராஸ்டேட் சுரக்கும் திரவத்தை நாய்களிடம் ஆராய்ந்து வந்தார். சில கிழட்டு நாய்களுக்கு அந்தச் சுரப்பியில் கட்டி இருந்தது. முதலில் அது தொந்தரவாகவே பட்டது. பிறகு அந்த நாய்களையே தேட ஆரம்பித்தார். விரைகளை அகற்றியதும் கட்டி சுருங்கியது! ஆண் ஹார்மோன்தான் அதற்குத் தீனி என்று புரிந்தது. 1941-ல் கிளாரன்ஸ் ஹாட்ஜஸுடன் சேர்ந்து, மனிதர்களிடமும் அப்படித்தான் என்று காட்டினார். விரைகளை அகற்றினாலோ, பெண் ஹார்மோன் கொடுத்தாலோ நோய் தணிந்தது. எலும்பு வலியில் கிடந்தவர்கள் எழுந்தார்கள். ஆனால் பலருக்கு நோய் திரும்பி வந்தது. அந்தப் புதிர் அவர் காலத்தில் தீரவில்லை. 1966-ல் பெய்டன் ரூஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்தார். 1997-ல் காலமானார்.

அவர் போட்ட பாதை இன்னும் நீளுது. 2005-ல், அவர் அறுவை சிகிச்சை பழகிய அதே மிச்சிகனில் ஒன்று கண்டுபிடித்தார்கள். பல புராஸ்டேட் கட்டிகளில் இரண்டு மரபணுக்கள் அறுந்து ஒட்டிக்கொள்கின்றன. ஒன்று ஆண் ஹார்மோனால் இயங்கும் சுவிட்ச். மற்றது செல்லைத் தறிகெட வைக்கும் ஈஆர்ஜி. எலெக்ட்ரிக்கல் பசங்களுக்குச் சொன்னால், நம்ம வீட்டு சுவிட்சில் பக்கத்து வீட்டு மோட்டார் வயரை மாட்டின கதை! இது மட்டும் இருந்தால் கட்டி கொடியதுன்னு சொல்ல முடியாது. சின்னக் கட்டிகள் நிறைய ஆயுசு முழுக்கச் சும்மா கிடக்கும். பிடென் என்ற பிரேக் மரபணுவும் போய்விட்டால்தான் ஆபத்து கூடுது. பிறவியிலேயே பிஆர்சிஏ2 மரபணு பழுதானவர்களுக்கும் நோய் வேகமாகப் பரவும். அந்தப் பழுது அப்பா வழியில் மட்டுமல்ல, அம்மா வழியிலும் மகனுக்கு வரும்.