கடல் கடந்த இல்லத்தரசி – அன்னை கஸ்தூரிபாய்

மணமாகிப் புகுந்த வீடு செல்லும் பெண்ணுக்கு அடுத்த தெருவும் அயலூர்தான். அவ்வாறிருக்க, மொழியும் உணவும் பழக்கவழக்கமும் வேறான ஒரு நாட்டின் நகரத்தில், தாய் தந்தையரோ உற்றார் உறவினரோ அருகில் இன்றிக் குடித்தனம் நடத்துவது எத்துணைக் கடினம்! பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களிலிருந்து பிழைப்பு நாடிக் கடல் கடந்து சென்றவர்களை நாம் அறிவோம். நம் முன்னோர் காலத்திலும் இது நடந்தது. 1860ஆம் ஆண்டு முதல் 1911ஆம் ஆண்டு வரை சுமார் 1,52,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். அப்படிச் சென்றவர்களுள் நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஏழை மக்கள் மிகப் பலர்.

அந்த நேட்டாலின் டர்பன் நகரிலும், பின்னர் ஜோகன்னஸ்பர்க் நகரிலும் குடித்தனம் நடத்திய ஒரு பெண்மணியின் வரலாற்றையே இங்கே காணப் புகுகிறோம். அவர் அன்னை கஸ்தூரிபாய். காந்தியடிகளின் துணைவியார் என்று எல்லோரும் அவரை அறிவர். அவருடைய அடுக்களையையும் வாயிற்படியையும் பற்றி நாம் அறிந்தது குறைவு. ஆயினும் அவரது பெருமை வளர்ந்தது அங்கேதான்.

டர்பன் துறைமுகத்தில்

கஸ்தூரிபாய் 1869ஆம் ஆண்டு கத்தியவாரில் உள்ள போர்பந்தரில் ஒரு வணிகர் குடும்பத்தில் பிறந்தார். அக்கால வழக்கப்படி அவருக்குப் பள்ளிப் படிப்பு இல்லை. 13ஆம் வயதிலேயே மோகன்தாஸ் காந்திக்கு மணம் செய்விக்கப்பட்டார். கணவர் சட்டம் பயில இங்கிலாந்து சென்றபோதும், 1893இல் ஒரு வழக்கிற்காகத் தென்னாப்பிரிக்கா சென்றபோதும், அவர் ராஜ்கோட்டில் பிள்ளைகளுடன் காத்திருந்தார்.

1896ஆம் ஆண்டில் குடும்பத்தை அழைத்துச் செல்லக் காந்தியடிகள் வந்தார். மூத்த மக்கள் ஹரிலால், மணிலால் ஆகியோருடனும், கணவருடைய சகோதரியின் மகனுடனும் கஸ்தூரிபாய் முதன்முறையாகக் கப்பல் ஏறினார். அப்போது அவர் கருவுற்றிருந்தார்.

பயணத்திற்கு முன்பே உடை பற்றிய சோதனை தொடங்கிவிட்டது. நாகரிகமாகத் தோன்ற வேண்டும் என்று எண்ணிய காந்தியடிகள், மனைவி பார்சிப் பெண்களைப் போலச் சேலை உடுத்த வேண்டும் என்றார். பிள்ளைகளுக்குப் பார்சிக் கோட்டும் கால்சட்டையும். எல்லோருக்கும் பூட்சும் காலுறையும். தோல் தொழிலே வாழ்வாகிய ஊர்களில் பிறந்த நமக்குப் புதுப் பூட்சு காலைக் கடிக்கும் துன்பம் தெரியும். அவர்கள் அதுவரை பூட்சையே அணிந்தறியாதவர்கள். விரல்கள் புண்ணாயின, காலுறைகள் வியர்வையால் நாறின. சாப்பாட்டு மேசையில் கத்தியையும் முட்கரண்டியையும் பிடிக்கப் பழக வேண்டியதாயிற்று. கணவர் சொல்லைத் தட்ட முடியாமல் எல்லாவற்றையும் அவர் பொறுத்துக்கொண்டார்.

டிசம்பரில் கப்பல் டர்பனை அடைந்தது. இந்தியர் வந்து குடியேறுவதை விரும்பாத வெள்ளையர், கப்பலைத் திருப்பி அனுப்பக் கிளர்ச்சி செய்தனர். நோய்த் தடுப்பு என்ற பெயரில் பயணிகள் 23 நாட்கள் கடலிலேயே நிறுத்திவைக்கப்பட்டனர். 1897 ஜனவரி 13ஆம் நாள் இறங்க அனுமதி கிடைத்தது. கஸ்தூரிபாயும் பிள்ளைகளும் முதலில் வண்டியில் ருஸ்தம்ஜி என்ற பார்சி நண்பரின் இல்லத்திற்கு அனுப்பப்பட்டனர். பின்னர் நடந்து வந்த காந்தியடிகளைக் கூட்டம் சூழ்ந்து கல்லாலும் அழுகிய முட்டையாலும் அடித்து உதைத்தது. காவல்துறைத் தலைவரின் மனைவியான திருமதி அலெக்சாந்தர், தம் குடையை விரித்து இடையில் நின்று அவரைக் காத்தார். அன்றிரவு அவ்வீட்டையே கூட்டம் முற்றுகையிட்டது. காந்தியடிகள் போலீஸ்காரர் வேடத்தில் வெளியேற நேர்ந்தது. அயல்நாட்டில் கஸ்தூரிபாய் கழித்த முதல் இரவு அப்படிப்பட்டது!

கடற்கரை வீடும் அதன் வாயிற்கதவும்

டர்பனில் காந்தியடிகள் குடியிருந்தது கடற்கரையை அடுத்து, பெரிய மனிதர்கள் வாழ்ந்த பகுதியில் அமைந்த வீடு. வெளியே பார்ப்பவர்க்கு அது வழக்கறிஞரின் மாளிகை. உள்ளே அது ஒரு சத்திரம் போன்றது. காந்தியடிகளிடம் பணிபுரிந்த எழுத்தர்கள் அங்கேயே தங்கினர். அவர்களில் குஜராத்தியரும் தமிழரும் உண்டு. விருந்தினர் வருவதும் போவதுமாக இருப்பர். அத்தனை பேருக்கும் சமைப்பதும் பரிமாறுவதும் ஒழுங்கு செய்வதும், அந்நாட்டு மொழி ஒன்றும் அறியாத அந்த இளம் தாயின் தோளில் விழுந்தன.

அவ்வீட்டு அறைகளில் கழிவுநீர் செல்ல வழியில்லை. ஒவ்வோர் அறையிலும் வைத்திருந்த கழிவுப் பாத்திரங்களைக் காலையில் எடுத்துச் சென்று சுத்தம் செய்ய வேண்டும். வேலைக்காரரிடம் அதை விடக்கூடாது, நாமே செய்ய வேண்டும் என்பது காந்தியடிகளின் விதி. புதிதாக வந்த எழுத்தர் ஒருவர் கிறிஸ்தவர். தீண்டத்தகாதவர் என்று அக்காலச் சமூகம் ஒதுக்கிவைத்த குலத்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவருடைய பாத்திரத்தை எடுப்பது கஸ்தூரிபாய்க்குத் தாங்க முடியாததாயிற்று. அவர் வளர்ந்த சூழலின் குறை அது. கண்கள் சிவக்க, கன்னங்களில் நீர் வழிய, பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவர் மாடிப்படி இறங்கினார். அதை முகமலர்ச்சியோடு செய்ய வேண்டும் என்று கணவர் கடிந்தார். வாக்குவாதம் முற்றியது. கோபத்தில் தம்மை மறந்த காந்தியடிகள், மனைவியின் கையைப் பிடித்து இழுத்துச் சென்று, வெளியே தள்ளுவதற்காக வாயிற்கதவைத் திறந்தார்.

1898இல் நிகழ்ந்த இதனைப் பிற்காலத்தில் காந்தியடிகளே தம் வரலாற்றில் வெட்கத்துடன் எழுதிவைத்தார். அந்த வேளையில் கஸ்தூரிபாய் அழுதுகொண்டே நியாயம் கேட்டார். இவ்வூரில் தமக்குப் பெற்றோரோ சுற்றத்தாரோ இல்லை, தாம் எங்கே போவது என்று கேட்டார். மனைவி என்பதால் அடி உதை எல்லாம் பொறுக்க வேண்டுமா என்று கேட்டார். பிறர் காணுமுன் கதவைச் சாத்தும்படி சொன்னார். காந்தியடிகள் நாணிக் கதவை மூடினார்.

இந்நிகழ்ச்சியில் இருவரிடமும் தவறு உண்டு. மனிதரில் தாழ்ந்தவர் உண்டு என்று எண்ணியது ஒருவர் தவறு. நல்ல கொள்கையை வன்முறையால் புகுத்த முயன்றது மற்றவர் தவறு. இருவருமே பின்னாளில் தங்கள் தவற்றைத் திருத்திக்கொண்டனர். அதனால்தான் இதனை மறைக்காமல் சொல்கிறோம்.

டர்பனில் ராம்தாஸ், தேவதாஸ் என்ற இளைய மக்கள் இருவர் பிறந்தனர். 1900இல் தேவதாஸ் பிறந்தபோது மருத்துவரோ மருத்துவச்சியோ உரிய நேரத்தில் வரவில்லை. நூல்களைப் படித்து அறிந்திருந்த காந்தியடிகளே பேறு பார்த்தார். தாய்வீடு இல்லாத நகரில் தாய்மைப்பேறு அப்படித்தான் அமைந்தது.

1901இல் குடும்பம் தாயகம் திரும்பும்போது மக்கள் பரிசுகளைக் குவித்தனர். கஸ்தூரிபாய்க்கு 50 கினி மதிப்புள்ள தங்க அட்டிகை வந்தது. பொதுத்தொண்டிற்குப் பரிசு பெறலாகாது என்று காந்தியடிகள் எல்லாவற்றையும் பொது அறக்கட்டளைக்குத் தர முடிவு செய்தார். கஸ்தூரிபாய் எளிதில் இணங்கவில்லை. வருகிற மருமக்களுக்கு நகை வேண்டாமா என்றார். கணவர் செய்த தொண்டில், இரவும் பகலும் அவ்வீட்டில் தாம் உழைத்த உழைப்பும் சேர்ந்தது என்று அவர் வாதாடினார். அவ்வாதத்திற்குத் தக்க விடை கணவரிடம் இல்லை. ஆயினும் நகைகள் அறக்கட்டளைக்கே சென்றன. சமைப்பவர் கைகளின்றி எந்தப் பொதுத்தொண்டும் நடவாது என்பதை முதலில் எடுத்துரைத்தவர் அவரே என்று நாம் கொள்ளலாம்.

ஜோகன்னஸ்பர்க் நகரில்

1904இல் மீண்டும் கடல் கடந்து, ஜோகன்னஸ்பர்க் நகரின் புறத்தே டிராய்வில் பகுதியில் கஸ்தூரிபாய் குடியேறினார். தங்கச் சுரங்கங்களால் செழித்த நகரம் அது. ஆனால் அவ்வீட்டில் எளிமை புகுந்திருந்தது. கடை ரொட்டி வாங்குவதில்லை. ஏழு பவுன் விலையில் இரும்புச் சக்கரம் பொருத்திய ஒரு கைத்திரிகை வாங்கப்பட்டது. காந்தியடிகளும், அவ்வீட்டிலேயே தங்கிய ஆங்கில நண்பர் போலக்கும், சிறுவர்களும் மாவு அரைப்பர். அவ்வேளையில் கஸ்தூரிபாய் அடுப்பு மூட்டிவிடுவார். ஓய்வு கிடைத்தால் அவரும் ஒரு கை பிடிப்பார். பிள்ளைகள் தந்தையுடன் அலுவலகத்திற்கு நாளொன்றுக்குச் சுமார் ஐந்து மைல் நடந்து போய் வருவர். நடக்கும்போதே குஜராத்திப் பாடம் நடக்கும்.

போலக்கின் மனைவி மில்லியும் அக்குடும்பத்தில் ஒருவரானார். ஒரு காலத்தில் பிறர் பாத்திரத்தைத் தொடக் கூசியவர், இப்போது அயல் மதத்தினரோடு ஒரே மேசையில் அமர்ந்து உணவு பகிர்ந்தார். வீட்டில் இருந்த ஒரே பணியாளரும் குடும்பத்தினரைப் போலவே நடத்தப்பட்டார்.

1906இல் குடும்பம் டர்பனிலிருந்து 14 மைல் தொலைவில் இருந்த பீனிக்ஸ் குடியிருப்பிற்குச் சென்றது. தகரக் கூரை வீடு. சுற்றிலும் பழமரங்களும் பாம்புகளும். காந்தியடிகள் போராட்டத்திலும் சிறையிலுமாக இருக்க, இல்லத்தின் சுமை அவர் தலையில் விழுந்தது. 1909இல் அவருக்குக் கடும் நோய் கண்டு, டர்பனில் மயக்க மருந்தின்றியே அறுவை செய்யப்பட்டது. உடல் தேற மாட்டிறைச்சிச் சாறு தர வேண்டும் என்றார் மருத்துவர். உயிர் போனாலும் தம் நெறியை விடுவதில்லை என்று கஸ்தூரிபாய் மறுத்துவிட்டார். எலும்பும் தோலுமாய் இருந்த அவரைத் தூறும் மழையில் இரயிலேற்றி, நிலையத்திலிருந்து தூளியில் சுமந்து பீனிக்ஸ் கொண்டு சேர்த்தனர். வழியெல்லாம் தேற்றியது நோயாளிதான், தேறியது கணவர்!

1910இல் ஜோகன்னஸ்பர்க்கிற்கு அருகே டால்ஸ்டாய் பண்ணை தொடங்கப்பட்டது. சிறை சென்றோரின் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. அவர்களுள் தமிழர் பலர். நிலத்தை அளித்த காலன்பாக் என்ற கட்டடக் கலைஞர், மரியன்ஹில் என்னும் இடத்தில் இருந்த கத்தோலிக்கத் துறவியரான டிராப்பிஸ்டுகளின் மடத்திற்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்றுவந்தார். காந்தியடிகள் அவரிடம் கற்றுப் பிறர்க்கும் கற்பித்தார். காலைக் கடித்த பூட்சில் தொடங்கிய அவ்வாழ்க்கை, தன் கையால் தைத்த செருப்பில் வந்து நின்றது. தோல் வேலையை இழிவென்று எவரேனும் சொல்லக் கேட்டால், நம் ஊர்ப் பெண்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

தாமே திறந்த கதவு

1913 மார்ச் 14ஆம் நாள், கேப் நகர உச்ச நீதிமன்ற நீதிபதி சியர்ல், கிறிஸ்தவச் சடங்குப்படி நடந்து பதிவு செய்யப்பட்ட திருமணங்களே சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பளித்தார். ஒரே நாளில் இந்து, முஸ்லிம், பார்சி மனைவியர் அனைவரும் மனைவியர் என்ற உரிமையை இழந்தனர். பிள்ளைகளின் உரிமையும் ஆட்டம் கண்டது. பல்லாண்டுகள் அடுப்பெரித்துக் காத்த வீட்டில், சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் யாருமில்லை!

பிற பெண்களைச் சிறை செல்லத் தூண்டிய காந்தியடிகள் தம் மனைவியிடம் மட்டும் கேட்கத் தயங்கினார். பேச்சைக் கேட்டுவிட்ட கஸ்தூரிபாய், தம்மிடம் என்ன குறை கண்டு விலக்கினார் என்று வினவித் தாமே முன்வந்தார். செப்டம்பரில் பீனிக்ஸ் வாசிகள் 16 பேர் அனுமதியின்றி டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்தனர். அவர்களுள் பெண்கள் நால்வர். மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டு, மாரிட்ஸ்பர்க் சிறையில் அடைக்கப்பட்டனர். ஒரு நாள் வாயிற்கதவு திறக்கப்பட்டபோது போக்கிடம் இல்லையே என்று அழுத அதே பெண், 15 ஆண்டுகள் கழித்துத் தாமே கதவைத் திறந்துகொண்டு வெளியேறினார். எல்லாப் பெண்களின் வீட்டையும் காக்க அவர் தம் வீட்டைவிட்டுச் சென்றார்.

அதே சிறைக்கு டால்ஸ்டாய் பண்ணையைச் சேர்ந்த தமிழ்ப் பெண்களும் வந்தனர். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்திற்கு எழுப்பிவிட்ட வீராங்கனைகள் அவர்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மையும் அச்சிறையில் இருந்தார். சிறையில் கண்ட காய்ச்சலால் நலிந்து, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22ஆம் நாள், 16 வயதில் உயிர் நீத்தார். உங்களுள் மேல்வகுப்பு மாணவியரின் வயதுதான் அது!

அவ்வாண்டே சட்டம் திருத்தப்பட்டது. இந்தியரின் திருமணங்கள் ஏற்கப்பட்டன. மூன்று பவுன் தலைவரி நீங்கியது. ஜூலையில் கஸ்தூரிபாய் கணவருடன் தென்னாப்பிரிக்காவைவிட்டுப் புறப்பட்டார்.

பின்னர் சபர்மதி ஆசிரமத்திலும், மீண்டும் மீண்டும் சிறையிலும் அவர் வாழ்வு கழிந்தது. 1942இல் கைதாகி, பூனாவில் ஆகாகான் மாளிகைக் காவலிலேயே 1944 பிப்ரவரி 22ஆம் நாள் மறைந்தார். வள்ளியம்மை மறைந்து சரியாக 30 ஆண்டுகள் நிறைந்த நாள் அது. ஒருவர் பள்ளிப் படிப்பு இல்லாத தாய். மற்றவர் இளம் பெண். இருவரையும் ஒரே சிறையும் ஒரே திங்களின் ஒரே நாளும் இணைத்துவிட்டன.

அன்பு மாணவியரே! விடியுமுன் எழுந்து சமைத்துவைத்து, ஷூ கம்பெனிக்கு ஓடி, மாலையில் வந்து மீண்டும் அடுப்பு மூட்டும் அன்னையர் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களுடைய உழைப்பைப் பட்டியலிட்டுப் பரிசளிப்பார் இல்லை. தம் உழைப்பிற்கு மதிப்புண்டு என்று உரத்துச் சொன்ன கஸ்தூரிபாயின் நினைவாக, இன்று வீடு திரும்பியதும் நாம் ஒன்று செய்வோம். அடுக்களைக்குள் சென்று, அன்னையின் கையிலுள்ள வேலையில் பாதியை வாங்கிக்கொள்வோம். நம் அண்ணன் தம்பியரையும் உடன் அழைத்துக்கொள்வோம். அந்தத் திரிகையைக் காந்தியடிகளும் சுற்றினார் அல்லவா!